முடிவுக்குக் காத்திருந்தே பொழுது போகிறது, என்ன செய்ய?

அம்பைக்காரன்:
அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கொள்முதல் பார்க்கிறேன். இப்போது பிசானப் பருவ நெல் அறுவடை. காலை ஏழு மணிக்கே வாசலில் நாலு லாரி நிற்கும். சாக்கில் குத்தூசி போட்டு நெல் எடுத்து, மிஷினில் ஈரம் பார்த்து, கருக்காயை, அதாவது பதரை, ஊதிப் பார்க்க லாரிக்குப் பத்து நிமிஷம் போதும். அப்புறம்தான் பாடு. 'இறக்கவா, திருப்பவா' என்று முதலாளியைக் கேட்க வேண்டும். அவர் கல்யாண வீட்டில் இருப்பார், போனை எடுக்க மாட்டார். போன வாரம் ஒரு லோடு மத்தியானம் வரை தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. கையை விட்டுப் பார்த்தால் உள்ளே கொதிக்கிறது. டிரைவர் காத்திருப்புக் கூலி கேட்டு ஒரே சண்டை. சாயங்காலம் வந்த முதலாளி, 'உனக்கு நேரத்தை வைத்து வேலை பார்க்கத் தெரியலலே' என்கிறார். டைரி போட்டேன், அலாரம் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சத்திரம் கமிஷன்கடை:
தம்பி, டைரி என்ன செய்யும்? ஒரே முடிவைத் தினமும் நாலு தடவை எடுக்கிறீர்கள், அதிலேதான் பொழுது போகிறது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியை வைத்துக்கொண்டு யாரையும் கேட்டு நிற்க முடியாது. 'இந்த விலைக்குக் கீழே போனால் மட்டும் என்னைக் கூப்பிடு' என்று எங்கப்பா முதல் நாள் ராத்திரியே கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிடுவார். உங்கள் முதலாளியையும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதம் என்று கோடு இருக்கிறதே, வண்டிக்கு வண்டி சென்னைக்குப் போன் போட்டா கேட்கிறார்கள்?

பேட்டை பட்டறை:
சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணாச்சி. ஒரு லோடு சொதப்பினால் யார் தலையில் விழும்? எங்கள் பட்டறையில் 'எல்லாம் நீயே பார்' என்றார்கள். ஒரு தகட்டைத் தப்பாக வெட்டியதும் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்றிலிருந்து ஆணி வாங்கக்கூடக் கேட்டுத்தான் வாங்குகிறேன். நேரம் போனால் போகட்டும், அவர்கள் நேரம்தானே. அம்பைக்காரரே, எதையும் எழுதி வாங்குங்கள்.

அம்பைக்காரன்:
பட்டறைக்காரர் சொன்னது உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் நோட்டை நீட்டினேன். முதல் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதினார்: ஈரம் 18 வரை இறக்கு, 21 வரை விலை குறைத்து இறக்கு, அதற்கு மேல் எனக்குப் போன். 'மழை பெய்தால் இது செல்லாது' என்று கீழே ஒரு வரி. அது அவர் குணம்.

இன்று ஐந்து லாரி. ஒரே ஒரு போன், 23 காட்டிய லோடுக்கு. அரை மணி நேரம் அடித்தும் எடுக்கவில்லை. நானே திருப்பி அனுப்பிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.