அம்மாவின் சிறுநீரகத்தில் 2.8 செ.மீ. கட்டி: சாய ஊசி போட முடியாது என்கிறார்கள், குமிழி ஸ்கேன் போதுமா?

பதிவிட்டவர்: சின்னப்பாலம் மகள்

வணக்கம். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. சிறுமியாக இருந்தபோதிலிருந்தே கடலில் பாசி எடுக்கிறாள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாறை இடுக்குகளில் மூழ்கி மூழ்கிப் பறிக்கும் வேலை. கடலுக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிக்கவே மாட்டாள். நடுக்கடலில் ஒதுங்க இடம் ஏது? கல்லடைப்பு வராத வீடு எங்கள் தெருவில் குறைவு. அதனால் இடது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று அவள் சொன்னபோது நாங்கள் பயப்படவில்லை. சிறுபீளையும் நெருஞ்சிலும் காய்ச்சிக் கொடுத்தோம்.

இரண்டு மாதமாகியும் வலி போகவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் மையத்துக்கு அழைத்துப் போனேன். கல் எதுவும் இல்லை. ஆனால் இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 2.8 செ.மீ. அளவில் ஒரு கட்டி, சுற்றியிருக்கும் பகுதியைவிடச் சற்று வெளுப்பாக. கலர் டாப்ளரில் ரத்த ஓட்டம் தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சாய ஊசி போட்டு சி.டி. எடுக்கச் சொன்னார்கள். அதற்கு முன் ரத்தம் பார்த்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 2.6, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஜி.எப்.ஆர். வெறும் 21. பத்து வருடச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தை இவ்வளவு தின்றிருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாய ஊசி போட்டால் டயாலிசிஸ் வரை போகலாம் என்று சி.டி. எடுக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எம்.ஆர்.ஐ.க்கும் ஒரு ஊசி உண்டாம், அதுவும் ஆகாதாம்.

கிளம்பும் நேரத்தில் அங்கிருந்த ஒரு மருத்துவர் கூப்பிட்டு, "மதுரையில் குமிழி மருந்து போட்டு அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள், விசாரியுங்கள்" என்றார். அதைப் பற்றித்தான் கேட்கிறேன். ஊசி போடும்போது காற்றுக் குமிழி ரத்தத்தில் போய்விடக் கூடாது என்றுதானே நர்ஸ் சிரிஞ்சைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்? இங்கே குமிழியையே ஊசியாகப் போடுகிறார்கள் என்றால் அது எங்காவது அடைத்துக்கொள்ளாதா? சி.டி. சொல்வதை இது சொல்லிவிடுமா? கட்டி புற்றா இல்லையா என்று தெரியுமா? இது தெரியாமல் எனக்குத் தூக்கமே இல்லை.

—

பதில்: தொண்டிக்காரன்

தங்கச்சி, ஸ்கேன் விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிரியாட்டினின் இந்த அளவில் இருக்கும்போது கசாயம், வாழைத்தண்டுச் சாறு, இளநீர் எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்துங்கள். என் அண்ணனுக்கும் இதேபோலச் சிறுநீரகம் பழுது. கல் கரையட்டும் என்று தினமும் இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தது நான்தான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி, நள்ளிரவில் ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். வலி மாத்திரையையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

—

பதில்: மதுரை ஸ்கேன் மருத்துவர்

தொண்டி நண்பர் சொன்னதை முதலில் செய்யுங்கள். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சிரிஞ்சில் தட்டி வெளியேற்றும் குமிழி கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது. நாங்கள் போடும் குமிழியின் சராசரி விட்டம் ஏறத்தாழ 2.5 மைக்ரான். ஒரு சிவப்பணு 7, 8 மைக்ரான் இருக்கும். சிவப்பணு நுழையும் மிக மெல்லிய ரத்தக்குழாயிலும் இந்தக் குமிழி தடையின்றிப் போய்விடும். உள்ளே இருப்பது சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடு என்னும் வாயு, மேலே கொழுப்பாலான மெல்லிய ஓடு. சில நிமிடங்களில் ஓடு உடைந்து, வாயு நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு இதில் எந்த வேலையும் இல்லை. ஆகவே உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு, கிரியாட்டினின் எவ்வளவு இருந்தாலும், டயாலிசிஸில் இருந்தாலும்கூட, இதைப் போடலாம். கதிர்வீச்சும் கிடையாது. மிக அரிதாக ஒவ்வாமை வருவது உண்டு. முன்பு எந்த ஊசிக்காவது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், இதய நோய் இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இது எதைக் காட்டுகிறது என்பதுதான் முக்கியம். சி.டி.யின் சாயம் ரத்தக்குழாயிலிருந்து கசிந்து திசுவுக்குள் போகும். குமிழி அப்படிப் போகாது, குழாய்க்குள்ளேயே ஓடும். ஒலி பட்டதும் அது அதிர்ந்து எழுப்பும் எதிரொலி திசுவின் எதிரொலியிலிருந்து வேறுபட்டது. கருவி அதை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும். ஆகையால் கட்டிக்குள் ஒளி தெரிந்தால் அங்கே ரத்தம் ஓடுகிறது என்று பொருள். ரத்தம் ஓடாத கட்டி நீர்க்கட்டியாகவோ, பழைய ரத்தமோ சளிபோன்ற திரவமோ தேங்கிய கட்டியாகவோ இருக்கும். மெல்லிய குழாய்களில் மெதுவாக ஓடும் ரத்தம் டாப்ளருக்குப் பிடிபடாது. உங்கள் ரிப்போர்ட்டில் "தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதியதை "ரத்த ஓட்டம் இல்லை" என்று படித்துவிடாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு. புறணி எனப்படும் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில் ஒரு பாகம் உள்ளே புடைத்து, கட்டிபோலக் கண்ணை ஏமாற்றும். குமிழி போட்டுப் பார்த்தால் அது முதல் வினாடியிலிருந்து கடைசிவரை புறணியோடு சேர்ந்தே ஒளிர்ந்து, சேர்ந்தே மங்கும். அப்படியானால் அது சிறுநீரகமேதான், கவலை இல்லை. இப்படி வந்து நிம்மதியோடு திரும்பிப் போனவர்களைப் பார்க்கும்போது எனக்கே கண் கலங்கும்.

இனி இதனால் முடியாதவை. புற்றா இல்லையா என்று இது உறுதியாகச் சொல்லாது. ரத்தம் ஓடும் திடக்கட்டிகளில் புற்று அல்லாதவையும் உண்டு. 4 செ.மீ.க்குக் குறைவான கட்டிகளை அறுவை செய்து எடுத்துப் பார்த்ததில் சுமார் ஐந்தில் ஒன்று சாதுவானது. கொழுப்பு கலந்த ஆஞ்சியோமயோலிப்போமா என்ற சாதுவான கட்டி அல்ட்ராசவுண்டில் வெளுப்பாகத் தெரியும். ஆனால் சிறிய புற்றுக்கட்டியும் அப்படித் தெரிவது உண்டு. எனவே வெளுப்பாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து யாராவது "பயமில்லை" என்று சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். அந்தக் கொழுப்பைக் கண்டுபிடிக்கச் சாயம் வேண்டியதில்லை, வெறும் சி.டி. போதும். அடர்த்தி அளவு கழித்தல் 10க்குக் கீழே போனால் கொழுப்பு. சாயமின்றியே 70க்கு மேல் ஒரே சீராக இருந்தால் ரத்தம் தேங்கிய சாதுவான நீர்க்கட்டி. இந்த வெறும் சி.டி.யை அங்கேயே எடுத்திருக்கலாம். "சாயம் போட முடியாது" என்பது "சி.டி.யே எடுக்க முடியாது" என்று ஆகிவிட்டது வருத்தமாக இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யும் ஊசி இல்லாமல் எடுக்கலாம், ஓரளவு சொல்லும்.

சாய ஊசியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். முன்பு பயந்த அளவுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை என்பது இப்போதைய கருத்து. ஆனால் ஜி.எப்.ஆர். 30க்குக் கீழே இருக்கும்போது எச்சரிக்கை அவசியம். உயிர் காக்க வேண்டிய நிலை என்றால் சிறுநீரக மருத்துவரின் மேற்பார்வையில், உப்புநீர் ஏற்றிப் போடுவார்கள். எம்.ஆர்.ஐ.யின் கடோலினியம் ஊசியால் தோல் இறுகும் நோய் வருவது 2006இல் தெரியவந்தது. இப்போது வரும் வகைகளில் அந்த அபாயம் மிகக் குறைவு. ஆக, எல்லாக் கதவும் அடைபட்டுவிடவில்லை. குமிழி ஸ்கேனும் வெறும் சி.டி.யும்தான் முதல் படி.

—

பதில்: கீழக்கரை லாத்தா

என் வாப்பாவுக்கும் இதே சோதனை எடுத்தோம். எங்கள் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். வாப்பாவுக்கு இருந்தது தடுப்புச் சுவர்கள் உள்ள நீர்க்கட்டி. அந்தச் சுவர்களில் குமிழி ஓடுவதைப் பார்த்ததும் நாங்கள் புற்று என்றே முடிவு கட்டி அழுதுவிட்டோம். மருத்துவர்தான் உட்காரவைத்து விளக்கினார். நீர்க்கட்டிகளை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கும் முறை 1986இல் போஸ்னியாக் என்ற மருத்துவர் கொண்டுவந்தது, அது சி.டி.க்காக ஏற்பட்டது. ஒற்றைக் குமிழி போனாலும் இந்த ஸ்கேன் காட்டிவிடுவதால் தரம் ஒரு படி கூடித் தெரிவது உண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வருகிறோம், மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. ரிப்போர்ட்டின் ஒரு வரியை வைத்து வீட்டில் யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்தச் சோதனை அதில் வருமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்; மருந்து விலை அதிகம்.

—

பதிவிட்டவர்: சின்னப்பாலம் மகள் (மூன்று வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. கசாயத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டோம். போன திங்கள் விடியற்காலை ரயிலில் அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போனேன். என்னையும் அறைக்குள் நிற்க விட்டார்கள்.

பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து, ஒரு ஸ்பூன்கூட இருக்காது. கையில் ஏற்றி, பின்னாலேயே உப்புநீரும் ஏற்றினார்கள். திரையில் ஒரு பாதி வழக்கமான படம், மறுபாதி இருட்டு. பதினைந்து வினாடி போயிருக்கும். இருட்டில் ஒரு கோடு தெரிந்தது, கிளை விட்டது, சிறுநீரகத்தின் ஓரம் முழுவதும் பளிச்சென்று எரிந்தது. மருத்துவர் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். அம்மா பிடித்தாள். சற்று நேரத்தில் அவர் திரையை விட்டுத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "போதும் அம்மா, விடுங்கள்" என்றார். அம்மா விடவில்லை, விரலை மட்டும் ஆட்டிக் காட்டினாள். பிறகு மூச்சு விட்டுவிட்டு, "தண்ணீருக்குள் இதைவிட அதிகம் பிடிப்பேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். படம் இவ்வளவு அசையாமல் கிடைப்பது அபூர்வம் என்று மருத்துவர் சொன்னார். அவள் சம்பாதித்த மூச்சு அது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கட்டிக்குள் ரத்தம் ஓடுகிறது. புறணியோடு சேர்ந்தே எரிந்தது, ஆனால் திட்டுத் திட்டாக. நடுவில் ஒரு பகுதி கடைசிவரை இருட்டாகவே இருந்தது. சுற்றிலும் வளையம் போட்டதுபோல மெல்லிய கோடு. இரண்டு நிமிடத்தில் கட்டி சுற்றுப்புறத்தைவிட மங்கிவிட்டது. வெறும் சி.டி.யில் கொழுப்பு இல்லை. நெஞ்சுக்கும் சாயம் இல்லாமல் சி.டி. எடுத்தார்கள், நுரையீரலில் ஒன்றும் இல்லை. புற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஊசியால் திசு எடுக்கிறார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று உறவினர்கள் அம்மாவின் காதில் போட்டுவிட்டார்கள். அது உண்மையா? சிறுநீரகத்தையே எடுத்துவிடுவார்களா?

—

பதில்: மதுரை ஸ்கேன் மருத்துவர்

ஊசி போன வழியில் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்துக்காகத் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

2.8 செ.மீ. என்பது ஆரம்ப நிலை. இந்த அளவில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே வழக்கம். அம்மாவின் ஜி.எப்.ஆர். அளவில் அந்த மீதி ஒவ்வொரு துளியும் முக்கியம். கட்டியை ஊசியால் சுட்டோ உறையவைத்தோ அழிக்கும் முறையும் உண்டு. சிறுநீரக அறுவை மருத்துவரிடம் இரண்டையும் கேளுங்கள். கட்டியை அழித்த பிறகு உள்ளே உயிர் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே குமிழி ஸ்கேன் உதவும், சாயம் தேவைப்படாது.

செவ்வாய்க்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. அம்மா ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிட்டால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். குமிழி ஸ்கேனின் வீடியோவைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்கி, திசு எடுப்பவர் கையில் கொடுங்கள். எழுதிய ரிப்போர்ட் மட்டும் போதாது. நடுவில் இருட்டாக இருந்த இடத்தில் குத்தினால் செத்த திசுதான் வரும், முடிவு தெரியாமல் மறுபடியும் குத்த வேண்டியிருக்கும். ஒளிர்ந்த ஓரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.