டிரெஸாஜ் குதிரையின் ‘கலெக்‌ஷன்’: தமிழில் என்ன சொல்?

பண்டாரவளை, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பாடசாலை விளையாட்டு மலருக்காக டிரெஸாஜ், அதாவது பழக்கிய குதிரையின் நடையையும் அசைவுகளையும் மதிப்பிடும் போட்டி, பற்றி ஒரு கட்டுரையைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உச்ச மட்டப் போட்டியில் ஒரு குதிரை எதனால் ஜெயிக்கிறது என்பதுதான் பொருள். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள திடலில் குதிரை ஒவ்வோர் அசைவாகச் செய்துகாட்ட, நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் 10 வரை புள்ளி இடுகிறார்கள். இதுவரை எழுதிவிட்டேன். மாட்டிக்கொண்ட இடம் ‘கலெக்‌ஷன்’. ஜெர்மன்காரர் வகுத்த ஆறு பயிற்சிப் படிகளில் கடைசிப் படி அது. அகராதி ‘சேகரிப்பு’ என்கிறது. குதிரை எதைச் சேகரிக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கட்டுரையின் உயிரே அந்தச் சொல்தான், விடவும் முடியாது.

ஹட்டன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மகள், முதலில் போட்டியின் பெயரைத் தமிழாக்குங்கள். நம்மிடம் இல்லாத கலையா? ‘அடிபடு மண்டிலத்து ஆதி போகிய’ புரவியை மதுரைக்காஞ்சி பாடுகிறது. வட்டத்தில் பழக்கி, ஆதி என்ற கதியில் செலுத்திய குதிரை. ஐங்கதி, பதினெட்டுச் சாரி என்று பழைய உரைகள் நடையை எண்ணியே வைத்திருக்கின்றன. மயூரகதி, வானரகதி என்ற பெயர்களின் அழகைப் பாருங்கள். குதிரை பழக்கும் தெரு வையாளி வீதி. ஆகவே டிரெஸாஜ் வையாளி ஆகட்டும். ‘வை’ கூர்மை, ‘ஆளி’ ஆள்பவன். கூர்மையாக ஆளுதல் என்று பொருளும் பொருந்துகிறது. கலெக்‌ஷனுக்கு ‘ஒடுக்கம்’ போதும்.

பேராதனை, கால்நடை மருத்துவம் படித்தவர்:
ஐயா, வையாளி வடமொழி ‘வாஹ்யாலி’யிலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டு வடமொழி நூலான மானசோல்லாசத்தில் குதிரை விளையாட்டுக்கு அந்தப் பெயர்தான். ‘வை’, ‘ஆளி’ என்று பிரிக்க இடமில்லை.

ஒடுக்கம் என்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மலையகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் ஒடுக்குமுறைதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய தவறு, பொருளே மாறிவிடுகிறது. சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 வீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. ஆள் ஏறினால் இன்னும் முன்னுக்குச் சாயும். கலெக்‌ஷனில் பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் உள்ளே வந்து, மூட்டுகள் நன்றாக மடிந்து, பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. புட்டம் தாழும், முன்பக்கம் இலேசாகும், அடி குறுகி உயரும். கழுத்தை வளைத்து முகத்தை நெஞ்சுக்கு இழுத்துப் பிடித்தால் அது கலெக்‌ஷன் ஆகாது. ஒடுக்கம் என்று எழுதினால் வாசிப்பவர் அதைத்தான் நினைப்பார்.

பதுளை, உயர்தர மாணவர்:
டிரெஸாஜ் என்றே இருக்கட்டும். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய அணி இதில் தங்கம் வென்றபோது நாங்கள் காணொளியைத் தேடிப் பார்த்தது அந்தப் பெயரில்தான். வையாளி என்று தேடினால் என்ன கிடைக்கும்?

ஹட்டன்:
தேடினால் கிடைப்பது மட்டும்தான் தமிழ் என்றால் நாம் எதற்குக் கூடிப் பேசுகிறோம் தம்பி? நாம் எழுதினால்தானே கிடைக்கும்!

நுவரெலியா, மட்டக்குதிரை வைத்திருப்பவர்:
மழை விட்ட பிறகு சறுக்குகிற இறக்கத்தில் ஒரு மட்டக்குதிரையை இறக்கிப் பாருங்கள். தலையை நாம் பிடிக்கவே தேவையில்லை. பின்னங்கால் இரண்டையும் தானாகவே அடிவயிற்றுக்குக் கொண்டுவந்து, புட்டத்தைத் தாழ்த்தி, முன்குளம்பைத் தொட்டுத் தொட்டு வைக்கும். ‘பின்னுக்கு ஊன்றுது’ என்று நாங்கள் சொல்லுவோம். போட்டிக் குதிரை இதைச் சமதரையில், கேட்டவுடனே, நின்ற இடத்தில் துள்ளிக்கொண்டே செய்கிறது. அதற்குத் தசை வளர வருசக்கணக்காகும். 8 வயது ஆகாத குதிரையைக் கிராண்ட் பிரீ என்ற உச்ச மட்டத்துக்கு விடுவதும் இல்லை.

டீச்சர், குணத்தையும் எழுதுங்கள். ஏப்ரல் சீசன் கூட்டத்தில், ஒலிபெருக்கிச் சத்தத்தில் வெருளாத குதிரை ஆயிரத்தில் ஒன்று. எவ்வளவு நல்ல நடை இருந்தாலும் வெருண்டால் போச்சு.

பண்டாரவளை:
அண்ணன், மிக்க நன்றி. ‘பின்னூன்றல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? அப்புறம் இன்னொன்று. முதற்படியான ‘ரிதம்’ என்பதற்கு லயம் என்று எழுதியிருந்தேன். வகுப்பில் வாசித்துக் காட்டியதும் ‘குதிரையின் லயம்’ என்றால் குதிரை இருக்கும் தோட்டத்து லயன் காம்பராவா என்று கேட்டார்கள்.

ஹட்டன்:
அதில் வரலாறே இருக்கிறது. லாயம் குதிரை கட்டும் இடம். துரைமாரின் குதிரை லாயமும் நம் மக்களின் லயமும்…

பேராதனை:
லயன் என்பது ஆங்கில ‘லைன்’ ஐயா. வரிசை வீடு என்பதால் வந்தது. லாயத்தோடு உறவில்லை.

ஹட்டன்:
உறவில்லாமல் இருக்கலாம். நம் சனம் இரண்டையும் ஒன்றாகக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதையும் சொல்லாராய்ச்சியில் சேர்க்க வேண்டும்.

பதுளை:
தாளம் என்று போடுங்கள். சாதாரண நடை நாலு தாளம், துள்ளோட்டமான டிரொட் இரண்டு, மெதுவான பாய்ச்சலான கான்டர் மூன்று. எல்லாருக்கும் விளங்கும்.

பேராதனை:
தாளம் சரி. நடையில் நாலு அடியும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதைக் கட்டாயம் சேருங்கள். ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து விழத் தொடங்கினால் நடுவர்கள் புள்ளியை வெட்டுவார்கள். டிரொட்டைப் பயிற்சியால் மெருகேற்றலாம், கெட்ட நடையைத் திருத்துவது மிகக் கடினம். மக்கள் மயங்குவது காலைத் தூக்கி வீசும் டிரொட்டில்தான். வலெக்ரோ என்ற குதிரை 2014 டிசம்பரில் லண்டனில் 94.3 வீதம் எடுத்தது வெறும் கால்வீச்சால் அல்ல.

ஆனால் பின்னூன்றல் பாதிப் பொருள்தான். பாரம் பின்னால் இருந்தும் முன்னேறும் துடிப்பு இல்லாவிட்டால் அது மெதுவான நடை, அவ்வளவுதான். அந்தத் துடிப்பு நாலாம் படி. அதற்கு ‘உந்தம்’ என்று எழுதிவிடாதீர்கள், பௌதிகப் பாடத்தில் வேறு பொருளில் இருக்கிறது.

பண்டாரவளை:
நாலாம் படிக்கு ‘உந்துதுடிப்பு’ என்று போடுகிறேன். பின்னூன்றலுக்கு மூன்று பேர் சரி சொல்லிவிட்டீர்கள், பேராதனை அரைமனதோடு. டிரெஸாஜ் அப்படியே இருக்கும். ஐயா?

ஹட்டன்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ஊன்றியது அசையாது. ஊன்றுகோல், கால் ஊன்றல் எல்லாம் நிலைத்து நிற்பதைச் சொல்பவை. இதுவோ அசைவுக்குள் நடக்கும் தாங்கல். ஏந்துபவன் சுமந்தபடியே நடக்கலாம். ஆகவே ‘பின்னேந்தல்’.

நுவரெலியா:
கைதான் ஏந்தும் ஐயா. எங்கள் பக்கம் குதிரைக்கு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஹட்டன்:
தோளும் ஏந்தும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

பண்டாரவளை:
பக்கம் வடிவமைக்கப் போய்விட்டது. பின்னூன்றல் என்றே வருகிறது, ஐயாவின் பின்னேந்தல் அடிக்குறிப்பில். நின்ற இடத்துத் துள்ளலான பியாஃபுக்கு யாரிடமாவது சொல் இருந்தால் இன்றிரவு அனுப்புங்கள். காலையில் ஒரு திருத்தம் மட்டும்தான் ஏற்பார்களாம்.