ஜப்பானுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: முதல்ல கீழ்வீட்டுப் பாட்டிக்கு வணக்கம் சொல்லுங்க

டோக்கியோவுல இருக்கிற நிஷிகசாய்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்கன்னு தைரியமா வந்து இறங்குறோம். ஆனா கதவைத் திறந்தா எதிர்ல நிக்கிறது பெரும்பாலும் ஒரு தாத்தாவோ பாட்டியோதான். இந்த நாட்டுல பத்துப் பேர்ல கிட்டத்தட்ட மூணு பேர் 65 வயசுக்கு மேல. இது மனசுல பதிஞ்சுட்டா இங்க பல விஷயம் தானா பிடிபடும்.

இங்க ஒவ்வொரு வகைக் குப்பைக்கும் தனித்தனிக் கிழமை. வந்த புதுசுல பிளாஸ்டிக் குப்பையை எரிக்கிற குப்பை நாள்ல வெச்சுட்டேன். கீழ்வீட்டுப் பாட்டி அந்தப் பையோட படியேறி வந்து, குப்பைக் காலண்டரை விரிச்சு, சரியான கிழமையைத் தொட்டுக் காட்டினாங்க. திட்டவே இல்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம். கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்கினதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அடுத்த வாரத்துல இருந்து அவங்க குப்பையையும் நானே எடுத்துட்டுப் போறேன். நிலநடுக்கம் வந்தா தஞ்சம் புக எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவங்கதான்.

கடையில கால் முட்டைக்கோஸ், ஒத்தைத் துண்டு மீன்னு விக்கிறதும், வார்டு ஆபீஸ் கவுன்டர்ல படிக்கிற கண்ணாடி வெச்சிருக்கிறதும் இவங்களையும் மனசுல வெச்சுத்தான். ஏடிஎம் முன்னாடி நின்னு அம்மாகிட்ட போன் பேசாதீங்க. "நான்தாம்மா, அவசரமாப் பணம் வேணும்"னு பிள்ளை மாதிரி பேசி வயசானவங்களை ஏமாத்துற கும்பல் இங்க அதிகம். அதனால அங்க போன் பேசுறதைப் பார்த்தா எல்லாரும் உஷாராயிடுவாங்க. 40 வயசு ஆனவங்க சம்பளச் சீட்டுல 'கைகோ' காப்பீடுன்னு ஒரு பிடித்தம் இருக்கும். முதியோர் பராமரிப்புக்காக 2000-ல ஆரம்பிச்ச திட்டம், தப்பாப் பிடிச்சுட்டாங்கன்னு பதறாதீங்க.

இப்போ வேலை விஷயம். கைகோ, அதாவது முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஆள் கிடைக்காம இங்க திண்டாடுறாங்க. 2019 ஏப்ரல்ல வந்த 'தொகுதே கினோ' (குறிப்பிட்ட திறன் தொழிலாளர்) விசா அதுக்கும் உண்டு. ஊர்ல சில ஏஜென்ட்டுங்க இதை "ஜப்பான்ல நர்ஸ் வேலை"ன்னு சொல்லி நம்ம பொண்ணுங்களைச் சேர்க்கிறாங்க. நர்ஸ் வேலை இல்லைங்க. குளிப்பாட்டணும், ஊட்டணும், டயப்பர் மாத்தணும், நைட் டியூட்டி பார்க்கணும். மரியாதையான வேலை, ஆனா என்ன வேலைன்னு தெரிஞ்சு வரணும். ஜப்பானிய மொழித் தேர்வுல என்4 நிலை போதும்னு சொல்வாங்க. தினமும் யார் எவ்வளவு சாப்பிட்டாங்க, எப்படித் தூங்கினாங்கன்னு ஜப்பானிய மொழியிலயே எழுதி வைக்கணும். அதுக்கு அடுத்த மேல்நிலையான என்3 இல்லாம அது ரொம்பக் கஷ்டம். முதல் கட்ட விசா பொதுவா 5 வருஷம்தான், குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாது. 3 வருஷ அனுபவத்தோட, அதுக்கான பயிற்சியையும் முடிச்சு, 'கைகோ ஃபுகுஷிஷி'ங்கிற பராமரிப்புப் பணியாளர் தகுதிக்கான தேசியத் தேர்வுல ஜெயிச்சா 'கைகோ' விசாவுக்கு மாறலாம். அதுல குடும்பம் வரலாம், புதுப்பிச்சுக்கிட்டே இருக்கலாம். கிளம்புறதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டுடுங்க.

சொந்தத் தொழில் யோசிக்கிறவங்க கவனிங்க: 2025 அக்டோபர்ல பிசினஸ் மேனேஜர் விசாவுக்கான முதலீட்டை 50 லட்சம் யென்ல இருந்து 3 கோடி யென்னா ஏத்திட்டாங்க. சின்னக் கடை போட்டு விசா வாங்கலாம்ங்கிற காலம் முடிஞ்சது. பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அனுமதி இல்ல, நிரந்தரமாத் தங்குற அனுமதி) கிடைச்சவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாரிசு இல்லாம மூடப்போற பட்டறைகளையும் கடைகளையும் கைமாத்தி விட ஒவ்வொரு மாகாணத்துலயும் அரசு உதவி மையம் இருக்கு, போய்ப் பாருங்க. ஐடி ஆளுங்களுக்கு முதியோர் இல்லத்துப் படுக்கை சென்சார், பதிவேட்டு மென்பொருள்னு நல்ல வேலைகள் இருக்கு. காலி வீடு சல்லிசாக் கிடைக்குதுன்னு மட்டும் ஓடாதீங்க. வீடு வாங்கினா விசா கிடைக்காது.

கடைசியா ஒண்ணு. போன குளிர்காலத்துல பாட்டி வீட்டுப் பெட்டியில பேப்பர் ரெண்டு நாளா எடுக்காமக் கிடந்துச்சு. தட்டினேன், உள்ள இருந்து மெல்லிசா ஒரு குரல். குளியலறையில வழுக்கி விழுந்திருந்தாங்க. இப்போ தேறி வந்துட்டாங்க. உங்க கட்டடத்துலயும் பேப்பர் சேர்ந்து கிடந்தா தயங்காமத் தட்டுங்க. ஆம்புலன்ஸுக்கு 119. உங்க முகவரியை ஜப்பானிய மொழியில சொல்ல இன்னைக்கே பழகிக்கோங்க.