லேசர் எங்கிரேவரில் எக்ஸ் ஹோமிங் இடம் மாறுகிறது, உதவி தேவை

நாகர்கோவில் பக்கம் ரப்பர் மரப் பலகையில் பெயர் பொறிக்கும் மெஷின். 10 வாட் டயோடு, 400×400 மி.மீ. பெட், போர்டில் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருள் (கீழே வரும் $ எண்கள் அதன் செட்டிங்குகள்), கணினியில் லைட்பர்ன் மென்பொருள். ஹோமிங் (ஹெட் சுவிட்சைத் தொட்டுப் பூஜ்ஜியம் பிடிப்பது) முன்பக்க இடது மூலையில்.

மழை தொடங்கியதிலிருந்து பொறிப்பு 3, 4 மி.மீ. வலப்புறம் தள்ளி விழுகிறது. பெரிய டிசைன் என்றால் வலது ஓரத்தில் ஹெட் ஃபிரேமில் முட்டி மோட்டார் கடகடக்கிறது. சாஃப்ட் லிமிட் (எல்லை தாண்டாமல் தடுக்கும் செட்டிங்) $20=1, எக்ஸ் நீளம் $130=400 என்று இருந்தும் அது தடுக்காது; பூஜ்ஜியமே தள்ளி நின்றால் அதற்கு எல்லை தெரியாதே. லைட்பர்னில் "கரண்ட் பொசிஷன்" (ஹெட் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குவது) வைத்து ஓட்டினால் அளவும் இடமும் துல்லியம். ஒய் அச்சில் பிரச்சினையே இல்லை.

$27=2 (சுவிட்சைத் தொட்டபின் பின்வாங்கும் தூரம்). ஹோமிங் முடிந்ததும் சுவிட்ச் லீவருக்கும் ஹெட்டைச் சுமக்கும் கேரேஜுக்கும் 2 மி.மீ. இடைவெளி நிற்கணும். சில தடவை சரியாக நிற்கிறது, சில தடவை 5, 6 மி.மீ. காட்டுகிறது. அதாவது லீவர் அழுந்தும் முன்பே டிரிக்கர் ஆகிறது.

பெல்ட், புல்லி கிரப் ஸ்க்ரூ இறுக்கியாச்சு. $100 (ஒரு மி.மீ.க்கு மோட்டார் ஸ்டெப்) சரி, 100 மி.மீ. சொன்னால் 100 நகர்கிறது. ஜி54 ஆஃப்செட் (வேலைப் பூஜ்ஜியத்தின் இடம்) மாறவில்லை. உப்புக்காற்றில் லீவர் துருப்பிடித்திருந்ததால் மைக்ரோ சுவிட்சே புதிது போட்டேன். ஒயரை மோட்டார் ஒயரிலிருந்து பிரித்தும் கட்டினேன். $26 டிபவுன்ஸை (சுவிட்ச் நிலைக்கக் காத்திருக்கும் நேரம்) 250 மில்லிசெகண்ட் ஆக்கியும், $24 ஹோமிங் வேகத்தைக் குறைத்தும் மாற்றமில்லை. கையால் அழுத்தினால் ஸ்டேட்டஸில் எக்ஸ் பின் (போர்டில் சுவிட்ச் சிக்னல் வரும் முனை) ஒழுங்காக வருகிறது.

எக்ஸ் லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மின் இரைச்சலை வடிகட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் இது நிற்குமா, இல்லை போர்டையே மாற்றணுமா?