சான்காய் சுடுமண் உருவங்கள்: படங்களும் யோசனையும் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். பெரு நாட்டில், லிமாவுக்கு வடக்கே சான்காய் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ கி.பி. 1000 முதல் 1470 வரை செய்யப்பட்ட 'குச்சிமில்கோ' என்னும் சுடுமண் மனித உருவங்களைப் பற்றிப் படித்து வருகிறேன். கல்லறைகளில் வைக்கப்பட்டவை, பல பெண் உருவங்கள். குட்டைக் கைகளை இரு பக்கமும் விரித்தபடி நிற்கும். வெளிர்நிறக் களிமண் பூச்சு, அதன்மேல் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் கரும்பழுப்புக் கோடுகள். எவ்வளவு பார்த்தாலும் அலுக்காத முகங்கள்!

எனக்குக் கிடைக்கும் படங்கள் எல்லாம் முன்பக்கம்தான். லிமாவில் லார்கோ அல்லது அமானோ அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள், பின்பக்கமோ பக்கவாட்டோ தெரியும்படி எடுத்த படம் இருந்தால் பகிருங்கள். சில உருவங்களின் தலையில் சிறு துளைகள் உண்டு, அவை தெரிந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், மண்பாண்ட வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி. சிவப்பு மண்ணில் இந்த உருவத்தின் மாதிரி ஒன்றைச் செய்து வருகிறேன். வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துப் பூசினால், காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்கிறது. உருவம் எந்த ஈரப்பதத்தில் இருக்கும்போது பூச வேண்டும்? பூச்சில் அதே சிவப்பு மண்ணைக் கொஞ்சம் கலக்கலாமா? அசலைப் போல மினுமினுப்பில்லாமல் வர வேண்டும், அதனால் கிளேஸ் (கண்ணாடி போன்ற பளபளப்பு மேற்பூச்சு) வேண்டாம்.