எல்லை ஊரான மோரேயில் யார் யார் வாழ்கிறார்கள்: நேரில் கண்டவர்களின் பகிர்வுகள்

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

2015 ஜனவரியில் அலுவலக வேலையாக இம்பாலுக்குச் சென்றிருந்த நான், கையில் இரண்டு நாள் மிஞ்சியதால் மியான்மர் எல்லையில் இருக்கும் மோரேக்குப் புறப்பட்டேன். ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவு. பல்லேல் வரை வயல்வெளி. அதற்குமேல் தெங்னௌபால் மலைப்பாதை. ஷேர் வேனின் ஓட்டுநர் மணிப்பூரி முஸ்லிம். அங்கே அவர்களைப் பங்கல் என்று அழைக்கிறார்கள். என் பெயரைக் கேட்டதும் அவர், தமிழர் கோயிலுக்கு அருகிலேயே இறக்கிவிடுவதாக இந்தியில் சொன்னார். மணிப்பூரின் கடைக்கோடியில் என்னை அடையாளம் காட்ட ஒரு கோயில் இருக்கிறது என்பது அந்த நொடி வரை எனக்குத் தெரியாது.

2011 கணக்கெடுப்பின்படி அவ்வூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 17 ஆயிரம். நம் பக்கத்தில் ஒரு பேரூராட்சிக்குரிய அளவுதான். ஆனால் அங்காளபரமேசுவரி கோயிலிலிருந்து கடைத்தெரு வரை நடப்பதற்குள் குக்கி, மெய்தேய், பங்கல், தமிழர், நேபாளி, பஞ்சாபி, மார்வாரி, பீகாரி என எத்தனையோ சமூகத்தாரை அப்போது கடந்துவிட முடிந்தது. தேவாலயம், பள்ளிவாசல், குருத்துவாரா ஆகியவையும் அந்தச் சிற்றூருக்குள்ளேயே இருந்தன. எல்லைக்கு அப்பாலுள்ள தாமுவிலிருந்து காய்கறியும் துணியும் கொண்டுவரும் பர்மியப் பெண்கள் அந்நாளில் காலையில் வந்து மாலையில் திரும்பிவிட்டதால், பகலில் ஊரின் முகம் ஒன்றாகவும் இரவில் வேறாகவும் இருந்தது.

நான் காலை உணவு உண்ட கடையை நடத்தியவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா. என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே உதவிக்கு இருந்த பெண்ணை மணிப்பூரியில் ஏவினார்; பக்கத்து மேசைக்காரருக்குக் குக்கி மொழியில் விடை சொன்னார்; தலையில் கூடையுடன் வந்த பெண்ணிடம் பர்மிய மொழியில் விலை பேசினார். இவ்வூரில் எந்த மக்கள் அதிகம் என்று நான் கேட்டதற்கு அவர் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. குக்கிகள் இந்த மலையிலேயே இருப்பவர்கள், மெய்தேய்களும் பங்கல்களும் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள், மார்வாரிகள் வியாபாரத்துக்காக வந்தவர்கள் என்று ஒவ்வொருவரும் வந்த வழியைச் சொன்னார். "நாங்க மட்டும் இங்க வரணும்னு வரல தம்பி, வழியை அடச்சதால நின்னுட்டோம்" என்றார்.

1962இல் பர்மாவில் (இன்றைய மியான்மரில்) இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. 1964இல் பெரிய பணத்தாள்களும் செல்லாமல் போயின. இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேற நேர்ந்தது. கப்பலில் சென்னைக்கு வந்து முகாமில் தங்கிய குடும்பங்களில் சில, பிழைக்க வழி தெரியாமல், பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று வடகிழக்கு வழியாகத் தரைமார்க்கமாகப் புறப்பட்டன. பர்மியக் காவலர்கள் எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படி நின்ற இடம்தான் மோரே. அந்த அம்மா அப்போது தம் தந்தையின் தோளில் வந்த குழந்தை.

ஊருக்குத் திரும்பியதும் கணக்கெடுப்பு அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். பழங்குடியினர் இத்தனை பேர், இந்துக்கள் இத்தனை பேர், கிறித்தவர்கள் இத்தனை பேர் என்று இருந்தது. குக்கி என்று நாம் ஒரே சொல்லில் சொல்பவர்கள் தாடௌ, வைபெய் முதலிய பல இனங்களாகப் பதிவாகிறார்கள்; மெய்தேய்களில் பெரும்பாலோரும் தமிழர்களும் நேபாளிகளும் ‘இந்து’ என்ற ஒரே கட்டத்துக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த அம்மா சொன்ன கணக்கே எனக்குச் சரியானதாகத் தோன்றுகிறது.

வடசென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதிய ஐயாவுக்கு வணக்கம். என் பாட்டியும் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். என் பெரியப்பா மகன் மோரேயில் குடியேறியவர். ஆகவே உரிமையுடன் ஒன்று சொல்கிறேன். அங்குள்ள தமிழரையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிடக் கூடாது. அவர்களில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் உண்டு. இராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர் எனப் பூர்விகமும் வெவ்வேறு. என் அண்ணியார் நேபாளிப் பெண். அவர்களுடைய மகள் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள் என்று பள்ளியில் கேட்டபோது, வீட்டில் அதைப் பற்றி ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் அவளே ‘தமிழ்’ என்று எழுதினாள். ஆனால் சினம் வந்தால் அவளுக்கு வாயில் வருவது நேபாளிதான்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒரு காலத்தில் அவ்வூர்க் கடைத்தெருவில் தமிழர் கை ஓங்கியிருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1990களில் குக்கி-நாகா மோதல் மூண்டபோது பலர் குடும்பத்துடன் சென்னைக்கு வந்துவிட்டார்கள். 1995இல் எல்லை வணிகம் முறையாகத் திறந்தபின் வெளியிலிருந்து வணிகர்கள் வந்தார்கள். நம் பிள்ளைகளோ படிப்புக்கும் வேலைக்கும் வெளியேறினார்கள். என் அண்ணன் மட்டும் வர மறுத்துவிட்டார். சென்னையில் தம்மைப் பர்மாக்காரர் என்கிறார்கள், மோரேயில்தான் தமிழர் என்கிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் கட்டுமான வேலையாக 2023இல் இம்பாலில் இருந்தேன். மே 3ஆம் நாள் மெய்தேய்களுக்கும் குக்கிகளுக்கும் இடையே மூண்ட வன்முறை, தலைமுறை தலைமுறையாக உருவான மோரேயின் மக்கள் கலப்பைச் சில நாள்களிலேயே மாற்றிவிட்டது. அங்கிருந்த மெய்தேய்கள் இம்பால் பக்கமும், இம்பாலிலிருந்த குக்கிகள் மலைப்பக்கமும் தப்பி ஓடினார்கள். மோரேயில் எரிந்தவற்றில் தமிழர் வீடுகளும் இருந்தன.

இம்பால் முகாம் ஒன்றுக்கு அரிசி கொண்டுபோனபோது, என் பேச்சைக் கேட்டு ஒரு மெய்தேய்ப் பெரியவர் எழுந்து வந்து, "தம்பி எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார். மோரேயில் தையல் கடை வைத்திருந்தவராம். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு முப்பது ஆண்டுகள் பழகிக் கற்ற தமிழ். தம் வீடு போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்து வீடு நிற்கிறதா என்பதைத்தான் அறிய விரும்பினார். அவரிடமிருந்த எண்ணுக்கு என் கைப்பேசியிலிருந்து அழைத்துக் கொடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண்குரல் "அண்ணே" என்றது. அதன்பின் இருவரும் நெடுநேரம் மணிப்பூரியில் பேசினார்கள். நான் அரிசி மூட்டைகளை இறக்கப் போய்விட்டேன்.