ஃபாயில் போர்டுக்கு எந்த அளவு கைட் வைத்திருக்கிறீர்கள்?

ராமேஸ்வரம் கடலில் இரண்டு சீசனாக ஃபாயில் ஓட்டுகிறேன்; அதாவது கைட் (பெரிய காற்றாடி) இழுக்க, அடியில் நீருக்குள் இறக்கை உள்ள போர்டில் நின்று தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடுவது. எடை 76 கிலோ. முன்பு தண்ணீர்மேல் வழுக்கி ஓடும் சாதாரண ட்வின் டிப் போர்டுக்கு 12, 9, 7 சதுர மீட்டர் என்று மூன்று கைட் வைத்திருந்தேன். ஃபாயிலுக்கு மாறியபோதும் அதே மூன்றையே தூக்கிக்கொண்டு போனேன். அங்கேதான் தப்பு.

வாடைக் காலத்தில் ஒரு நாள். காற்று 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) இருக்கும். காற்று குறைவாச்சே என்று 12-ஐ ஏற்றினேன். போர்டு எழும்பி நன்றாகவே போனது. திரும்பும்போதுதான் வினை. அவ்வளவு பெரிய கைட் நிதானமாகச் சுற்றி வருவதற்குள் போர்டு அதை நோக்கி ஓடிவிட்டது. லைன் (கைட்டின் கயிறு) தொய்ந்தது, கைட் தண்ணீரில் விழுந்தது. நனைந்த 12-ஐ அந்தக் காற்று கிளப்பவே இல்லை. லைனைச் சுற்றிக்கொண்டு, கைட்டைப் பிடித்து மிதந்து கரை சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் உண்மையாகவே பயந்துவிட்டேன்.

மறுவாரம் அதே மாதிரி காற்றில், ஒரே ஒரு ஸ்ட்ரட் (குறுக்கே காற்றடைத்த குழாய்) உள்ள 9-ஐ ஏற்றினேன். கனம் குறைவு, சட்டென்று திரும்புகிறது, காற்று சற்று அடங்கினாலும் வானத்தில் நிற்கிறது. ஃபாயில் எழும்பிவிட்டால் ஓட்டமே கைட்டுக்குக் காற்றைக் கொடுத்துவிடும். கிளம்பும் அந்தச் சில நொடிக்குத்தான் பலம் வேண்டும். அதைக் கைட்டை மேலும் கீழும் வீசி எடுத்துக்கொள்ளலாம். இப்போது 9, 6 இரண்டுதான். 12-ஐ விற்றுவிட்டேன்.

*

அண்ணா, நான் 54 கிலோ. கச்சான் அடிக்கிற ஆடி மாதத்தில் இலங்கையில் கல்பிட்டி போயிருந்தேன். ட்வின் டிப்பில் மற்றவர்கள் 9 ஏற்றியிருந்தபோது ஃபாயிலில் எனக்கு 5 போதுமாக இருந்தது. குறைந்த காற்றுக்கு 7.

ஒன்று சொல்ல வேண்டும். 7 பத்தவில்லை என்று 10 வாங்கப் போனேன். கடைசி நேரத்தில் கைட்டை விட்டுவிட்டு, 900-க்குப் பதில் 1250 சதுர சென்டிமீட்டர் முன் விங் (ஃபாயிலில் நீருக்குள் இருக்கும் முன் இறக்கை) மாட்டிப் பார்த்தேன். அதே 7, இன்னும் குறைந்த காற்றிலேயே என்னை எழுப்பியது. கைட் வாங்கும் முன் விங்கைப் பாருங்கள்.

*

பலர் ஃபாயில் போர்டையும் ஃபாயில் கைட்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2024-ல் மார்செய்யில் கைட் பந்தயம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நடந்ததைப் பார்த்துவிட்டு, “அவர்கள் 20-க்கு மேல் ஏற்றுகிறார்களே” என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். அதுதான் ஃபாயில் கைட்: காற்றடைக்கும் குழாய் இல்லாத, அறை அறையாகத் தைத்த கைட். லேசானது, மெல்லிய காற்றிலும் பறக்கும். ஆனால் தண்ணீரில் விழுந்து கிடந்தால் காற்று நுழையும் வாய் வழியாக நீர் புகுந்து கனத்துவிடும். பந்தயத்தில் மீட்புப் படகு பக்கத்திலேயே நிற்கிறது. நமக்கு யார் நிற்கிறார்கள்? என்னிடமும் 15 ஒன்று இருக்கிறது. துணைக்கு ஆள் இல்லாமல் அதைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

*

முதலில் கேட்டவன் நான்தான். தங்கை சொன்ன விங் விஷயம் எனக்குப் புதிது, இந்த வாடைக்கே பார்க்கிறேன். இன்னொரு கேள்வி. காற்று 10 நாட்டிலிருந்து 14 ஆனால் இழுவை கிட்டத்தட்ட இரு மடங்கு. 9-ல் கை கடுக்கிறது. 6-க்கு மாறினால் சில நேரம் கிளம்ப முடியவில்லை. நடுவில் 7 வைத்திருப்பவர்கள் அதை எந்தக் காற்றில் ஏற்றுகிறீர்கள்? உங்கள் எடையையும் விங் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.